பார்சல் கஸ்டம்ஸ்ல நிக்கட்டும், பாய் நெய்த அக்காவோட காசு நிக்கக்கூடாது



போன வாரம் வீடியோவில் வெளிநாட்டுக்குப் பொருள் அனுப்புற சின்ன வியாபாரிகளைப் பத்தி பத்து நிமிஷம் பேசினேன். பேசி முடிச்சப்புறம் மனசு நிறையல. வீடியோவில் எண்களை நிறுத்தி நிதானமாச் சொல்ல முடியாது. அதோட, இதுல என் பக்கத்துத் தப்பு ஒண்ணும் இருக்கு. அதையும் எழுதிடலாம்னுதான் உக்காந்தேன்.

நம்ம ஊர்ப் பக்கம், சேரன்மகாதேவி சுத்துவட்டாரத்துல இருந்து ஒரு தங்கச்சி என் கிளையண்ட். பேர் வேண்டாம். பத்தமடைப் பாயை ஆன்லைன்ல விக்கிறாங்க. பத்தமடையைப் பத்தி நெல்லைக்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியூர்ல இருந்து படிக்கிறவங்களுக்காக ரெண்டு வரி: தாமிரபரணிக் கரையில விளையுற கோரையை அறுத்து, காயவெச்சு, தண்ணியில ஊறப்போட்டு, இழை இழையாக் கீறி, பருத்தி நூல்ல பாவு போட்டு நெய்யுற பாய் இது. நைஸ் ரகத்தைத் துணி மாதிரி மடிச்சு சின்னப் பெட்டியில வெச்சிடலாம். புவிசார் குறியீடு வாங்கின சரக்கு. கல்யாணப் பாய்னா மாப்பிள்ளை, பொண்ணு பேரு, கல்யாணத் தேதி எல்லாம் சேர்த்தே நெய்து குடுப்பாங்க.

மடிச்சா பெட்டிக்குள்ள அடங்குதுங்கிறதுனாலதான் இது தபால்ல அமெரிக்கா வரைக்கும் போச்சு. தங்கச்சியோட விற்பனையில பாதிக்கு மேல அமெரிக்கா. 2025 ஜூன் மாசம் கணக்கைக் கொண்டு வந்து காட்டினப்ப, "பரவாயில்லையே, டாலர்ல சம்பாதிக்கிறீங்களே"ன்னு சொல்லி அனுப்பினேன். ஒரே நாட்டை நம்பி இவ்வளவு இருக்கே, அங்க கதவை மூடினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருக்கணும். சிஏன்னு போர்டு மாட்டி வெச்சிருக்கிற நான் அந்தக் கேள்வியைக் கேக்கல. அதுதான் என் தப்பு.

ஆகஸ்ட்ல கதவு மூடிச்சு.

என்ன நடந்துச்சு?

சுருக்கமாச் சொல்றேன். அமெரிக்காவுக்குள்ள வர்ற 800 டாலர் வரைக்குமான பார்சலுக்கு இறக்குமதி வரி இல்லாம இருந்துச்சு. 2016ல இருந்து அதான் விதியா இருந்துச்சு. அந்த நாட்டு சுங்கத்துறைக் கணக்குப்படி 2024 நிதியாண்டுல மட்டும் இப்படி வரி இல்லாம உள்ள போன பார்சல் 136 கோடி. அதுல பெரும்பங்கு சீனாவுல இருந்து போனது. அதை அடைக்கத்தான் முதல்ல 2025 மே 2ஆம் தேதி சீனா, ஹாங்காங் பார்சல்களுக்குச் சலுகையை எடுத்தாங்க. அப்புறம் ஜூலை 30ஆம் தேதி ஒரு உத்தரவு போட்டு, ஆகஸ்ட் 29ல இருந்து எல்லா நாட்டுக்கும் எடுத்துட்டாங்க. இதுக்கு நடுவுல இந்தியப் பொருள்களுக்கு ஆகஸ்ட் 7ல 25 சதவீதம், ஆகஸ்ட் 27ல இன்னொரு 25 சதவீதம். ஆக மொத்தம் 50.

வரி போட்டாச்சு, சரி. தபால்ல வர்ற பார்சலுக்கு அந்த வரியை யார் வசூலிக்கிறது, யார் கட்டுறது, எப்படிக் கட்டுறதுங்கிற ஏற்பாடு தயாராகல. விமானக் கம்பெனிகள் தபால் மூட்டையை ஏத்திக்க மறுத்துடுச்சு. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25ல இருந்து அமெரிக்காவுக்குப் பார்சல் புக்கிங்கை நிறுத்துச்சு. முதல்ல கடிதம், ஆவணம், 100 டாலர் வரைக்குமான பரிசுப் பொருள் மட்டும் போகும்னு சொன்னாங்க. மாசக் கடைசியில அதுவும் நின்னுச்சு. இது நம்ம நாட்டுக்கு மட்டும் வந்த கதையில்ல. உலக அஞ்சல் ஒன்றியம் சொன்ன கணக்கு: 88 அஞ்சல் நிறுவனங்கள் அமெரிக்கச் சேவையை முழுசாவோ பகுதியாவோ நிறுத்தின. ஆகஸ்ட் 22ஆம் தேதியோட ஒப்பிட்டா 29ஆம் தேதி அமெரிக்காவுக்கான தபால் போக்குவரத்து 81 சதவீதம் விழுந்திருச்சு.

நம்ம தங்கச்சி ஆகஸ்ட் 18ல இருந்து 22க்குள்ள 14 பார்சல் புக் பண்ணியிருந்தாங்க. 13 சாதாரணப் பாய், ஒண்ணு நியூஜெர்சியில செப்டம்பர் முதல் வாரம் நடக்க இருந்த கல்யாணத்துக்குப் பேர் போட்ட பாய். எதுவும் இந்தியாவைத் தாண்டல. செப்டம்பர்ல ஒவ்வொண்ணாத் திரும்பி வந்துச்சு. அனுப்ப முடியாமப் போன பார்சலுக்குத் தபால் கட்டணத்தைத் திரும்பக் கேக்கலாம்னு அறிவிச்சிருந்தாங்க, அதைக் கேட்டு வாங்கியாச்சு. அது இல்ல பிரச்சினை.

பணம் எங்க நின்னுச்சு?

பதினாலு பார்சலோட விலை சுமார் 1,30,000 ரூபாய். வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஆர்டர் போடும்போதே பணம் கட்டிட்டாங்க. நெய்யுறவங்களுக்குத் தர வேண்டிய மொத்தக் கூலி 66,500. பாதி முன்பணம், மீதி "டெலிவரி ஆனதும்". அதாவது 33,000 சொச்சம் பாக்கி.

"டெலிவரி ஆனதும்"ங்கிற அந்த ஒரு வார்த்தையை ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. பாய் நெய்யுற அக்கா வாஷிங்டன்ல என்ன உத்தரவு போடுறாங்கன்னு பாத்துக்கிட்டா இருக்காங்க? அவங்க வேலை கோரையைக் கீறி, சாயம் ஏத்தி, நெய்து குடுக்கிறதோட முடிஞ்சுபோச்சு. செப்டம்பர் நடுவுல நாலு பேருல ஒருத்தங்க தங்கச்சி வீட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டதை அப்படியே சொல்றேன்: "எம்மா, பாய் ஏரோப்ளேன்ல போனா எனக்கென்ன, வீட்டுக்குள்ள கெடந்தா எனக்கென்ன? நான் முடிச்சுக் குடுத்துட்டேன்லா?"

இதுக்குப் பதில் கிடையாது மக்களே. சட்டப்படியும் கிடையாது, நியாயப்படியும் கிடையாது.

வாடிக்கையாளர் கட்டின 1,30,000 எங்க போச்சுன்னு நீங்க கேப்பீங்க. அதுல சுமார் நாலுல ஒரு பங்கு கூலி முன்பணம். மீதியில தீபாவளி ஆர்டருக்குக் கோரையும் நூலும் வாங்கியாச்சு, இன்ஸ்டா விளம்பரத்துக்குக் கொஞ்சம், பையன் ஸ்கூல் ஃபீஸ் கொஞ்சம். யாரும் ஊதாரித்தனமாச் செலவழிக்கல. ஆனா சேராத பார்சலோட பணத்தை, சேர்ந்த பணமா நினைச்சுச் செலவழிச்சாச்சு. அந்தப் பக்கம் வாடிக்கையாளர் ரீஃபண்ட் கேக்குறாங்க, இந்தப் பக்கம் கூலி பாக்கி. கடைசியில வளையலை பேங்க்ல வெச்சு 40,000 வாங்கினாங்க. என் ஆபீஸ்ல உக்காந்து, "என்ன செய்யச் சொல்லுதிய அண்ணே? வியாபாரத்தையே விட்டுரட்டுமா?"ன்னு கேட்டாங்க.

விட வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா பழைய மாதிரி நடத்த வேண்டாம்னும் சொன்னேன்.

என் கருத்து இதான்

கஸ்டம்ஸ் தாமதத்தை நாம எல்லாரும் ஒரு விபத்து மாதிரிப் பேசுறோம். "நேரம் சரியில்ல, மாட்டிக்கிச்சு." நான் ஒத்துக்கமாட்டேன். எல்லை தாண்டி வியாபாரம் பண்றவங்களுக்குத் தாமதம்ங்கிறது விபத்து இல்ல, செலவு. கூரியர் சார்ஜ் மாதிரி, பேக்கிங் அட்டை மாதிரி ஒரு செலவு. அதை விலையில போட்டா வாடிக்கையாளர் கட்டுவார். விலையில போடலைன்னா அந்தச் செலவு காணாமப் போயிடாது. வரிசையில யார் கடைசியில நிக்கிறாங்களோ அவங்க தலையில விழும். நம்ம ஊர்க் கதையில கடைசியில நிக்கிறது பாய் நெய்யுற அக்கா.

சரி, எவ்வளவு போடணும்? கணக்குப் போட்டுப் பாப்போம். எண்கள் உதாரணத்துக்கு. உங்க எண்ணை வெச்சு நீங்க போட்டுக்கோங்க.

ஒரு பாய் 100 டாலர். டாலர் 88 ரூபாய்னு வெச்சா 8,800. கூலியும் பொருளும் 4,500, பேக்கிங் 250, தபால் 1,600, பேமென்ட் கேட்வே 350. மொத்தம் 6,700. கையில நிக்கிறது 2,100.

இப்ப ஒரு பார்சல் 45 நாள் எங்கயோ நின்னுபோச்சு. அக்காவுக்கு 4,500 ரூபாயை அன்னைக்கே குடுத்துட்டீங்க. அந்தப் பணத்தை வருஷத்துக்கு 18 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கிக் குடுத்ததா வெச்சாலும் 45 நாள் வட்டி 100 ரூபாய். அவ்வளவுதான்.

அடுத்தது, நூறு பார்சல்ல அஞ்சு திரும்பி வந்துடுதுன்னு வைப்போம். பாய் உங்க கைக்கு வந்துருச்சு, வேற ஆளுக்கு விக்கலாம். நஷ்டம் பேக்கிங், தபால், கேட்வே மட்டும், பார்சலுக்கு 2,200. அஞ்சுக்கு 11,000. நூறு ஆர்டர்ல பிரிச்சா ஒரு ஆர்டருக்கு 110 ரூபாய்.

ரெண்டையும் கூட்டினா 210 ரூபாய். டாலர்ல ரெண்டரைகூட வரல. 100 டாலர் பாய்க்கு 102.50 வாங்கியிருந்தா அந்த அக்கா வாசல்ல வந்து நின்னிருக்க வேண்டாம், இந்தத் தங்கச்சி வளையலைக் கழட்டியிருக்க வேண்டாம். விலையில போட்டா ரெண்டரை டாலர். போடாம விட்டா ஒரு வீட்டுத் தீபாவளி. இதைத்தான் வீடியோவில் என்னால சரியாச் சொல்ல முடியல.

இந்த 210 ரூபாயை ஒவ்வொரு ஆர்டர் வந்ததும் தனி சேவிங்ஸ் அக்கவுண்ட்டுக்கு மாத்திடுங்க. "தாமத நிதி"ன்னு பேர் வெச்சுக்கோங்க. வியாபாரம் நல்லாப் போகும்போது அதைத் தொடாதீங்க.

நெய்யுறவங்களுக்குக் கைமேல காசு

இதுல நான் பேரம் பேசமாட்டேன். சரக்கு உங்க கைக்கு வந்து, தரம் பாத்து ஒத்துக்கிட்டீங்கன்னா அன்னைக்கே கூலி முழுசா. கையில காசு இல்லைன்னா ஆர்டரைக் குறைச்சு எடுங்க. "நாங்களே சின்ன ஆளு அண்ணே, எங்களுக்கே தாங்கலையே"ன்னு சொல்வீங்க. உண்மைதான். ஆனா உங்களுக்கு வாடிக்கையாளர் முன்கூட்டியே பணம் கட்டுறார், பேங்க்ல நகைக்கடன் கிடைக்குது, ஜிஎஸ்டி பதிவு இருக்கு, கணக்குப் பாக்க நான் இருக்கேன். அவங்களுக்கு என்ன இருக்கு? தாங்குறதுக்கு நாலு வழி இருக்கிறவங்கதான் தாமதத்தைத் தாங்கணும்.

பாயை மட்டும் சொல்லல. கல்லிடைக்குறிச்சி அப்பளம் போடுறவங்க, அம்பாசமுத்திரத்துல மரச்சொப்பு கடையுறவங்க, உடன்குடிக் கருப்பட்டி காய்ச்சுறவங்க, யார்கிட்ட வாங்கி வித்தாலும் இதே விதிதான்.

வந்த பணம் உங்க பணம் இல்ல

வாடிக்கையாளர் 100 டாலர் கட்டினதும் போன்ல "டிங்"னு சத்தம் வருது. அது வருமானம் இல்ல. கணக்குப் புத்தகத்துல அது "வாடிக்கையாளர் முன்பணம்", அதாவது கடன் பக்கத்துல நிக்க வேண்டிய தொகை. பார்சல் போய்ச் சேர்ந்தப்புறம்தான் அது விற்பனை. சில பேமென்ட் கேட்வேயில ஆறு மாசம் வரைக்கும் வாடிக்கையாளர் "பொருள் வரல"ன்னு தகராறு எழுப்ப முடியும். பணத்தை உங்க அக்கவுண்ட்ல இருந்து திருப்பி எடுத்துக்குவாங்க.

அதனால ரெண்டு அக்கவுண்ட் வெச்சுக்கோங்க. முன்பணம் எல்லாம் ஒண்ணுல. அதுல இருந்து அந்த ஆர்டரோட கூலி, பேக்கிங், தபால் மட்டும் வெளிய போகலாம். டெலிவரி ஆச்சுன்னு டிராக்கிங்ல வந்தப்புறம் மிச்ச லாபம் ரெண்டாவது அக்கவுண்ட்டுக்கு வரட்டும். ஸ்கூல் ஃபீஸ், வீட்டுச் செலவு எல்லாம் ரெண்டாவதுல இருந்துதான்.

பேர் போட்ட பாய் மாதிரி, வேற யாருக்கும் விக்க முடியாத பொருளுக்குத் தனி விதி: முழுப் பணம் முன்னாடியே வாங்கணும், நெய்ய ஆரம்பிச்சப்புறம் ரீஃபண்ட் இல்லைன்னு ஆர்டர் எடுக்கும்போதே எழுத்துல சொல்லணும், விசேஷத் தேதிக்கு ரெண்டு மாசம் முன்னாடியே பார்சல் கிளம்பணும். இந்த மூணுல தங்கச்சி முதலாவதை மட்டும்தான் பண்ணியிருந்தாங்க. எழுத்துல எதுவும் சொல்லாததுனால நியூஜெர்சிக்காரங்களுக்கு முழுப் பணத்தையும் திருப்பிக் குடுத்தாங்க. அந்தப் பாய் இன்னும் பீரோவுக்குள்ள இருக்கு, முன்னப் பின்னத் தெரியாத ரெண்டு பேரோட பேரோட.

வரியை மறைக்காதீங்க, விலைக்கு வெளிய காட்டுங்க

அக்டோபர் 15ல இருந்து அஞ்சல் துறை அமெரிக்கச் சேவையைத் திரும்ப ஆரம்பிச்சாச்சு. தீபாவளி 20ஆம் தேதி. அஞ்சு நாள்ல பார்சல் அமெரிக்கா போகுமா? அந்தத் தீபாவளி போனது போனதுதான். ஆனா புது முறை முன்னைவிடத் தெளிவா இருக்கு. வரியை நீங்க இங்க புக் பண்ணும்போதே கட்டிடலாம். டிடிபின்னு சொல்வாங்க, வரி கட்டியே அனுப்புறது. பார்சல் அங்க போனதும் "வரி கட்டு, இல்லைன்னா திருப்பி அனுப்பு"ங்கிற இழுபறி இல்ல. நவம்பர் 2025 நிலவரப்படி, தபால்ல போன இந்தியப் பார்சலுக்கு அறிவிச்ச எஃப்ஓபி மதிப்புல 50 சதவீதமா இருந்துச்சு, அவ்வளவுதான். தனியார் கூரியர்ல, சரக்கா அனுப்பினா பொருளுக்குப் பொருள் இருந்த மத்த சுங்க வரியும் அதுக்கு மேல சேர்ந்துச்சு. தபால்ல அது சேரல. சின்ன வியாபாரிக்கு இது நல்ல வித்தியாசம்.

எஃப்ஓபி மதிப்புன்னா இங்க இருந்து ஏத்துற வரைக்குமான பொருளோட மதிப்பு. வெளிநாட்டுக்குக் கொண்டுபோற கூலி அதுல வராது. இங்கதான் நிறைய பேர் கையைச் சுட்டுக்கிறாங்க. "ஃப்ரீ ஷிப்பிங்"னு போட்டு 100 டாலரையும் பொருள் விலையாக் காட்டினா, அந்த 50 சதவீதக் கணக்குல வரி 50 டாலர். அதே ஆர்டரை பாய் 82, தபால் 18னு உண்மையைப் பிரிச்சுக் காட்டினா வரி 41 டாலர். வாடிக்கையாளர் கட்டுறது 150க்குப் பதிலா 141. தபால் கட்டணம் நிஜமா அவ்வளவு ஆகணும், ரசீது கையில இருக்கணும். அப்படின்னா இது ஏமாத்து இல்ல, சரியான கணக்கு.

"141 சொன்னா யாரு அண்ணே வாங்குவா?" இது நியாயமான கேள்வி. தங்கச்சி அந்தப் பதிமூணு பேருக்கும் இதையே எழுதி அனுப்பினாங்க. ஆறு பேர் வரியைக் கட்டுறோம், அனுப்புங்கன்னாங்க. மூணு பேர் அமெரிக்கா வேண்டாம், ஊர்ல இருக்கிற எங்க அப்பா அம்மா வீட்டுக்கு அனுப்பிடுங்க, யாராவது வரும்போது கொண்டு வருவாங்கன்னாங்க. நாலு பேர் பணத்தைத் திருப்பி வாங்கிக்கிட்டாங்க. நாலு பேர் போனது நஷ்டம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா வரியை நாமளே விழுங்கினா என்ன ஆகும்? 50 டாலர், அதாவது 4,400 ரூபாய் போகும். லாபமே 2,100தான். ஒவ்வொரு பாய்க்கும் 2,300 கைக்காசு போடணும். வராத ஆர்டர்ல நஷ்டம் இல்ல மக்களே. வந்த ஆர்டர்ல வர்ற நஷ்டம்தான் கடையை மூட வைக்கும்.

"கிஃப்ட்னு போட்டு அனுப்பு" யோசனை

இதைச் சொல்ற வீடியோக்களை நானும் பாக்குறேன். கிஃப்ட்னு எழுது, பத்து டாலர்னு மதிப்புப் போடு, யாரும் பாக்கமாட்டான். பண்ணாதீங்க. தர்மம் பேசலை, கணக்குதான் பேசுறேன்.

வாடிக்கையாளர்கிட்ட இருந்து 100 டாலர் உங்க பேங்குக்கு வந்திருக்கு. இன்வாய்ஸ் 100 டாலர். கஸ்டம்ஸ் அறிவிப்புல 10 டாலர். மூணும் மூணு கதை சொல்லுது. நாளைக்கு ஜிஎஸ்டி அதிகாரியோ, பேங்க்காரரோ ஏற்றுமதி ஆதாரம் கேட்டா எதைக் காட்டுவீங்க? பார்சல் தொலைஞ்சா இழப்பீடு கேக்கும்போது நீங்களே எழுதின பத்து டாலர்தான் உங்க முகத்துல வந்து நிக்கும். அங்க சந்தேகப்பட்டு நிறுத்தினா, தாமதத்துல இருந்து தப்பிக்கப் போட்ட பொய்யே தாமதத்துக்குக் காரணம் ஆகும்.

பேப்பர் வேலை: நாலே விஷயம்

ஒண்ணு, பதிவு. ஏற்றுமதிக்கு ஐஇசி எண் வேணும், டிஜிஎஃப்டி இணையதளத்துல 500 ரூபாய். வருஷா வருஷம் ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள விவரத்தை உறுதிப்படுத்தணும், மறந்தா முடங்கிப் போகும். பொருள் ஏற்றுமதிக்கு டர்ன்ஓவர் எவ்வளவு சின்னதா இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேணும்ங்கிறதுதான் பொது விதி.

ரெண்டு, எல்யுடி. ஒவ்வொரு நிதியாண்டும் இந்த உறுதிமொழியை ஜிஎஸ்டி தளத்துல குடுத்துட்டா வரி கட்டாமலேயே ஏற்றுமதி பண்ணலாம், கட்டணம் கிடையாது. ஆனா இதுல ஒரு கடிகாரம் ஓடுது. ஜிஎஸ்டி விதி 96ஏ சொல்றபடி, இன்வாய்ஸ் தேதியில இருந்து மூணு மாசத்துக்குள்ள பொருள் இந்தியாவை விட்டுப் போயிருக்கணும். போகலைன்னா அதுக்கப்புறம் 15 நாளைக்குள்ள வரியை வட்டியோட கட்டணும். தங்கச்சியோட ஆகஸ்ட் 18 இன்வாய்ஸுக்கு நவம்பர் 18 கெடு. அதனால பழைய இன்வாய்ஸ்களுக்குக் கிரெடிட் நோட் போட்டு ரத்து பண்ணி, வரி சேர்த்த புது விலைக்குப் புது இன்வாய்ஸ் போட்டு அந்த ஆறு பார்சலையும் அனுப்பினோம். பார்சல் நின்னுபோனா முதல்ல காலண்டரைப் பாருங்க.

மூணு, பொருள் விவரம். "ஹேண்டிகிராஃப்ட்"னு ஒத்தை வார்த்தை எழுதாதீங்க. "கோரைப் புல்லும் பருத்தி நூலும் சேர்த்துக் கையால் நெய்த தரைப்பாய்"னு அர்த்தம் வர்ற மாதிரி ஆங்கிலத்துல முழுசா எழுதுங்க. தாவரப் பொருள் பாய்களுக்குச் சுங்கக் குறியீடு 4601ல தொடங்கும். புல், மரம், விதை எதுவா இருந்தாலும் ஆஸ்திரேலியா மாதிரி நாடுகள்ல தாவரச் சோதனை கடுமையா இருக்கும். ஈரமோ பூச்சியோ இருந்தா முடிஞ்சது. நல்லாக் காயவெச்சு அனுப்புங்க.

நாலு, அத்தாட்சி. அஞ்சல் துறையோட டாக் கர் நிர்யாத் கேந்திரா மூலமா அனுப்பினா போஸ்டல் பில் ஆஃப் எக்ஸ்போர்ட் ஆன்லைன்லயே போட்டுடலாம். அதைப் பத்திரமா வைங்க. வெளிநாடு போன பார்சல் திரும்பி வந்தா, இது நம்ம ஊர்ல இருந்து போன அதே பொருள்தான்னு நிரூபிக்கணும். நிரூபிக்க முடியலைன்னா, நம்ம ஊர்ப் பாய்க்கே நாம இறக்குமதி வரி கட்ட வேண்டி வரும்.

ஒரே கதவு வேண்டாம்

வரி நாளைக்குக் குறையலாம், கூடலாம். அதை வெச்சு நான் ஜோசியம் சொல்லப் போறதில்ல. ஆனா போற திசை தெரியுது. ஐரோப்பிய ஒன்றியம் சின்னப் பார்சலுக்கு இருந்த 22 யூரோ வாட் விலக்கை 2021 ஜூலையில எடுத்துச்சு. 150 யூரோவுக்குக் கீழ இருக்கிற சுங்க வரி விலக்கையும் எடுக்க 2025 நவம்பர்ல அங்க நிதி அமைச்சர்கள் ஒத்துக்கிட்டாங்க. சின்னப் பார்சலைக் கண்டுக்காம விட்ட காலம் முடியுது. "முன்ன மாதிரி ஆயிடும்"னு காத்திருக்கிறது திட்டம் இல்ல.

அதனால எந்த ஒரு நாடும் உங்க விற்பனையில மூணுல ஒரு பங்குக்கு மேல வேண்டாம். நம்ம ஆளுங்க இல்லாத நாடு எது? சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா எல்லாம் பக்கம். சிங்கப்பூர்ல தபால்ல வர்ற, 400 சிங்கப்பூர் டாலருக்குள்ள இருக்கிற பார்சலுக்கு இறக்குமதி நிலையில சலுகை இருக்கு, நம்மள மாதிரிச் சின்ன விற்பனையாளருக்கு அது போதும். அதைவிட முக்கியம் உள்ளூர். சென்னையிலயும் பெங்களூர்லயும் கல்யாணம் நடக்காமலா இருக்கு? லாபம் கொஞ்சம் குறையும், ஆனா நடுவுல கஸ்டம்ஸ் கிடையாது.

அரசாங்கம் எதுவும் பண்ண வேண்டாமான்னு கேக்கலாம். பண்ணணும். சேவை திடீர்னு நின்னா, சின்ன ஏற்றுமதியாளருக்கு விதி 96ஏ கெடு தானாவே நீளணும்னு நான் நினைக்கிறேன். நெசவாளருக்குக் கூலி குடுக்கிறதுக்குன்னே குறுகிய காலக் கடன் ஒண்ணு இருக்கணும். அதைக் கேப்போம். அது வர்ற வரைக்கும் 210 ரூபாயை எடுத்து வைப்போம்.

தங்கச்சி இப்ப ஒவ்வொரு ஆர்டருக்கும் முன்னாடி வாட்ஸ்அப்ல நாலு வரி அனுப்புறாங்க: "வரி தனி. அதை இங்கயே கட்டி அனுப்புவோம். கஸ்டம்ஸ்ல நின்னா 45 நாள் வரைக்கும் பொறுக்கணும். பேர் போட்ட பாய்க்கு ரீஃபண்ட் இல்ல." ஆர்டர் குறைஞ்சிருக்கு. வளையல் இன்னும் பேங்க்லதான் இருக்கு. ஆனா நாலு அக்காமாருக்கும் பாக்கி ஒரு ரூபாய்கூட இல்ல. அதுக்கப்புறம் யாரும் வாசல்ல வந்து நிக்கல.

நீங்க ஆன்லைன்ல விக்கிறவங்களா இருந்தா இன்னைக்கு ராத்திரி ஒரு நோட்டை எடுங்க. வழியில இருக்கிற பார்சல் எத்தனை, அதுக்காக வாங்கின பணம் எவ்வளவு, அதுல செலவழிச்சது எவ்வளவு, செய்து குடுத்தவங்களுக்குப் பாக்கி எவ்வளவு. நாலு எண். கடைசி எண் பூஜ்யம் இல்லைன்னா, அடுத்த ஆர்டர் எடுக்கிறதுக்கு முன்னாடி அதைப் பூஜ்யமாக்குங்க.

அடுத்த வீடியோவில் எல்யுடி எப்படிப் போடுறதுன்னு ஸ்கிரீன்ல காட்டுறேன். பாப்போம், மக்களே.